வலி முற்றட்டும் என்று காத்திருப்பவர்கள்

ஒற்றைத் தலைவலி தொடங்கியதுமே பலர் மாத்திரையைத் தேடுவார்கள். மருந்துப் பரிசோதனையில் சேர்ந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. லேசான வலியிலேயே விழுங்கிவிட்டால், அது மருந்தால் அடங்கியதா, தானாக அடங்கியதா என்று பிரித்தறிவது கடினம். அதனால் வலி நடுத்தரமாகவோ கடுமையாகவோ ஆகும்வரை பொறுக்க வேண்டும். வெளிச்சக் கூச்சம், சத்தம் பொறுக்காமை, குமட்டல் ஆகியவற்றில் தன்னை அதிகம் வாட்டுவது எது என்று குறித்த பிறகுதான் மாத்திரை. அதுவும் மருந்தா, மருந்தில்லாத வெறும் மாத்திரையா என்பது அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அடுத்த இரண்டு மணி நேரம் வேறு வலி மாத்திரையைத் தொடக்கூடாது. மண்டை பிளக்கும் நேரத்தில் குறிப்பெழுதும் இந்த மனிதர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

ரிமெஜெபன்ட் என்ற ஒற்றைத் தலைவலி மருந்துக்கு நடந்து, 2019-இல் முடிவு வெளியான பரிசோதனையில் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். ஆளுக்கு ஒரு மாத்திரை, ஒரே ஒரு தலைவலித் தாக்குதலுக்கு. இரண்டு மணி நேரத்தில் வலி அடியோடு நீங்கியவர்கள் மருந்துப் பிரிவில் 19.6 சதவீதம், வெறும் மாத்திரைப் பிரிவில் 12 சதவீதம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வலி குறைந்தது இங்கே கணக்கில் சேராது. சுத்தமாகப் போயிருக்க வேண்டும். அதிகம் வாட்டிய தொல்லை நீங்கியவர்களோ 37.6 சதவீதம், வெறும் மாத்திரையில் 25.2. எது தன்னை வாட்டுகிறது என்பதை நோயாளியே சொல்ல, அதை வைத்தே மருந்தை எடைபோடுவது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

இந்த மருந்தின் வேர் 1990-இல் இருக்கிறது. தாக்குதலின்போது கழுத்து நாள ரத்தத்தில் சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கு கூடுவதை ஆய்வாளர்கள் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் குழுவினர் கண்டார்கள். அதன் வேலையைத் தடுத்தால் வலி நிற்கும் என்பதை 2004-இல் ரத்த நாளம் வழியே ஏற்றிய ஓல்செஜெபன்ட் என்ற மருந்து காட்டியது. அடுத்து வந்த டெல்காஜெபன்ட் மாத்திரையும் வலியைத் தணித்தது. ஆனால் அதைத் தினமும் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறின. 2011-இல் மெர்க் நிறுவனம் அதைக் கைவிட்டது. அந்த ஆபத்து கடைக்கு வருமுன்பே தெரிந்ததே, அதற்காகத்தான் பரிசோதனை. அதேபோல் சிஜிஆர்பியின் வேலையைத் தடுக்கும் ரிமெஜெபன்ட்டுக்கு 2020 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. சுமட்ரிப்டான் போன்ற பழைய மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இதய நோயாளிகளுக்கு ஆகாது. அப்படிச் சுருக்காத புதிய மருந்து அவர்களுக்குத்தான் முதலில் தேவை. ஆனால் 2019 பரிசோதனையில் கட்டுக்குள் வராத இதய நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. பாதுகாப்புக்காகச் செய்ததுதான்; என்றாலும் அவர்களுக்கான பதிலைத் தனிப் பரிசோதனைதான் தர முடியும்.