தீர்ப்பு வந்தும் ஜீவனாம்சம் வரலையா? ஒரு வருடம் தாண்டினால் வாரண்டு கிடைக்காது

பெண்கள் தெரிந்து கொள்ள வேண்டிய சட்ட விவரங்கள்

திருப்பூர்,

"கோர்ட்டுல தீர்ப்பு வாங்கியாச்சு. ஆனா பணம் மட்டும் கைக்கு வரலையே..." விவாகரத்து ஆன பெண்கள் பலரின் புலம்பல் இது. மாதம் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு போட்டு விடும். முதல் 2 மாதம் பணம் வரும். பிறகு நின்று போகும். "அவரா கொடுப்பாரு" என்று காத்திருந்தால் நஷ்டம் பெண்ணுக்குத்தான். காரணம், பாக்கியை வசூலிக்க சட்டத்தில் ஒரு கெடு இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

எடுத்துக்காட்டாக, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக் கொள்வோம். கணவர் லோடு ஆட்டோ டிரைவர். விவாகரத்து ஆகி விட்டது. அந்தப் பெண்ணுக்கு மாதம் ரூ.6 ஆயிரம் ஜீவனாம்சம் கொடுக்க கோர்ட்டு உத்தரவிடுகிறது. 3 மாதம் கொடுத்த கணவர் அதன் பிறகு கைவிரித்து விட்டார். சொந்தக்காரர்கள், "பேசிப் பாக்கலாம், மறுபடி கோர்ட்டுக்குப் போக வேண்டாம்" என்கிறார்கள். பேச்சுவார்த்தையிலேயே 30 மாதம் ஓடி விட்டது.

பாக்கி ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். இப்போது மனு போட்டால் கடைசி 12 மாத பாக்கியான ரூ.72 ஆயிரத்துக்கு மட்டுமே வாரண்டு கிடைக்கும். மீதி ரூ.1 லட்சத்து 8 ஆயிரத்துக்கு வாரண்டு கிடையாது. எந்த மாதத்துப் பணம் வரவில்லையோ, அந்தப் பணம் கொடுக்க வேண்டிய நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பதுதான் அந்தக் கெடு.

பழைய பாக்கி போய் விடுமா?

போகாது. தமிழ்நாட்டில் இருந்து சென்ற ஒரு வழக்கில் 2013-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவுபடுத்தியது. ஒரு வருடக் கெடு என்பது வாரண்டு, ஜெயில் என்ற விசேஷ வழிக்குத்தான். பணம் பெறும் உரிமை அதோடு அழிந்து விடாது, சிவில் முறையில் வசூலிக்கலாம் என்று தீர்ப்பு கூறப்பட்டது. ஆனால் அந்த வழியில் போனால் அலைச்சலும் அதிகம், காலமும் அதிகம்.

ஒரு மனு போட்டு அது நிலுவையில் இருக்கும்போது அடுத்தடுத்து சேரும் பாக்கியையும் அதிலேயே கேட்கலாம் என்று 2005-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறியுள்ளது. எனவே 3 மாதம் பணம் வராவிட்டாலே மனு போட்டு விடுவது நல்லது.

ஜெயிலுக்குப் போனால் கணக்கு தீருமா?

மனு போட்டதும் கணவருக்கு நோட்டீசு போகும். தகுந்த காரணம் இல்லாமல் பணம் கட்டவில்லை என்று தெரிந்தால் வசூல் வாரண்டு பிறப்பிக்கப்படும். அவரது பொருட்களை ஜப்தி செய்யலாம். அப்படியும் பணம் வராவிட்டால் கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை ஜெயில் தண்டனை உண்டு. பணத்தைக் கட்டி விட்டால் உடனே வெளியே வரலாம்.

"உள்ள போயிட்டு வந்துட்டா கணக்கு தீர்ந்துச்சு" என்று சில ஆண்கள் நினைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. ஜெயில் என்பது பணத்தைக் கட்ட வைப்பதற்கான வழிதானே தவிர, பாக்கிக்கு ஈடு ஆகாது என்று 1988-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்து விட்டது. ஜெயிலில் இருந்து வந்த பிறகும் அந்தப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அதேபோல "அப்பீல் போட்டிருக்கேன்" என்று சொல்லி பணத்தை நிறுத்தவும் முடியாது. மேல் கோர்ட்டு தடை உத்தரவு கொடுத்தால்தான் நிறுத்தலாம்.

விவாகரத்து ஆனவருக்கும் உண்டா?

உண்டு. தன்னைக் காப்பாற்றிக் கொள்ள வருமானம் இல்லாத, மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண்ணும் சட்டப்படி 'மனைவி' என்ற கணக்கில்தான் வருகிறார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு என்று ஊரெல்லாம் தெரிந்த பிரிவு, 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.சில் 144-வது பிரிவாக மாறி இருக்கிறது. நம்பர்தான் மாறியதே தவிர உரிமை மாறவில்லை. இது எல்லா மதத்தினருக்கும் பொது. விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் இந்தப் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024-ம் ஆண்டு ஜூலை 10-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது குறிப்பிடத்தக்கது.

2001-ம் ஆண்டுக்கு முன்பு இந்தப் பிரிவில் மாதம் ரூ.500-க்கு மேல் கொடுக்க வழி இல்லை. அந்த ஆண்டு வந்த திருத்தம் அந்த உச்சவரம்பை நீக்கியது. வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம், அந்த மனுவை நோட்டீசு கொடுத்த நாளில் இருந்து முடிந்தவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான்.

மனு போட்ட தேதி முக்கியம்

வழக்கு எத்தனை வருடம் இழுத்தாலும், மனு தாக்கல் செய்த நாளில் இருந்து கணக்கிட்டு ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கணவர், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் விவரங்களை பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. மனு போடுவதைத் தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது என்று அர்த்தம்.

கணவர் இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டும் என்பது இல்லை. அம்மா வீட்டில் இருந்தால் அந்தப் பகுதி கோர்ட்டிலேயே மனு போடலாம்.

"வேலை இல்லை, கையில காசு இல்லை" என்று கணவர் சொன்னால்? உடம்பில் தெம்பு இருக்கிறவர் கூலி வேலை செய்தாவது மனைவி, பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்புடன் கூறியிருக்கிறது. மனைவிக்கு சிறு வருமானம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது. ஆனால் அவரது வருமானமும் கணக்கில் எடுத்துக் கொள்ளப்படும்.

ஆண்களுக்கு என்ன வழி?

உண்மையிலேயே விபத்தில் கை, கால் போய் விட்டது, வேலை பறிபோய் விட்டது என்றால் கணவர் பேசாமல் பணத்தை நிறுத்தக் கூடாது. தொகையைக் குறைக்கக் கோரி அதே கோர்ட்டில் மனு போட வேண்டும். விலைவாசி ஏறி விட்டது என்றால் பெண்ணும் தொகையை உயர்த்திக் கேட்கலாம். பெண் மறுமணம் செய்து கொண்டால் அந்த நாளில் இருந்து ஜீவனாம்சத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் வருமானம் இல்லாத கணவரும் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்க இடம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

* தீர்ப்பு நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். ஜீவனாம்ச உத்தரவின் நகலைக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும் என்பது சட்டம்.

* பணத்தைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். "கொடுத்தேன்", "கொடுக்கலை" என்ற தகராறு வராது.

* எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மனு போட அந்தக் கணக்குதான் தேவை.

* குடும்ப வன்முறை தடுப்புச் சட்டத்தில் உத்தரவு பெற்றிருந்தால், கணவரின் சம்பளத்தில் ஒரு பகுதியை நேராகக் கட்டும்படி அவரது முதலாளிக்கே உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

* வக்கீல் வைக்க வசதி இல்லையா? கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

வீட்டு வாடகையும், பிள்ளையின் பள்ளிக்கூட கட்டணமும் மாதா மாதம் தேதி தவறாமல் வருகிறது. ஜீவனாம்ச பாக்கிக்கும் தேதி உண்டு. பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும். ஒரு வருடம் முடிவதற்குள் மனு கோர்ட்டில் இருக்க வேண்டும்.