சொத்தை வேண்டாம் என்றால் மருந்து வரும்

"சொத்தையா போடாதீங்கண்ணே, பார்த்து நல்லதா எடுத்துப் போடுங்க." சித்தையன்கோட்டைக் கடைவீதியில் கத்தரிக்காய் வாங்கும் யாரும் சொல்கிற பேச்சுதான். கேட்பவர்மேல் தப்பில்லை. எண்ணெய்க் கத்தரிக்காயோ பிரியாணிக்குத் தால்சாவோ, காயைப் பிளந்ததும் இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளிந்தால் யாருக்கும் சாப்பாடு இறங்காது. ஆனால் அந்த ஒரு பேச்சு கடைக்காரரிடமிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து தோட்டத்துக்கும் போய்ச் சேரும்போது ஸ்பிரேயர் டேங்க்கில் மருந்தாகி நிற்கிறது. என் கவலை புழுவைப் பற்றியதல்ல, அந்த மருந்தைப் பற்றியது.

கத்தரிக்குள் நெளிகிற அந்தப் புழு காய்த்துளைப்பான்; அதன் சங்கதி இதுதான். வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டு உள்ள சின்ன அந்துப்பூச்சி, ராத்திரியில் வந்து இலையின் அடிப்பக்கம் முட்டையிடும். சில நாளில் பொரிக்கிற புழு உடனே குருத்திலோ பிஞ்சிலோ துளைத்து நுழைந்துவிடும். நுழைந்த வாயைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். காய் பெருக்கப் பெருக்க அந்தத் தழும்பும் மறைந்துபோகும். நாம் பார்த்து ஒதுக்குகிற பெரிய ஓட்டை, பெரும்பாலும் புழு தின்று முடித்து வெளியேறிய வழி. ஓட்டை விழுந்த காய் காலியாக இருக்கலாம், பளபளக்கிற காய்க்குள் புழு இருக்கலாம். விரலால் உருட்டிப் பார்ப்பதில் தெரிவது அவ்வளவுதான்.

உள்ளே போன புழுவுக்கு மருந்து எட்டாது. பொரித்து நுழைவதற்குள் பிடிக்க வேண்டுமென்று திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். கத்தரியோ சில நாளுக்கு ஒருமுறை பறிப்புக்கு வருகிற பயிர். மருந்தடித்தபின் இத்தனை நாள் பொறுத்துப் பறி என்று டப்பாவில் போட்டிருப்பதும் பறிப்பு நாளும் ஒத்துப்போகாதபோது எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிற காயும் இப்படித்தான் விளைகிறது.

மருந்தில்லாவிட்டால் மகசூல் தேறாது என்று விவசாயிகள் சொல்வதும் பொய்யில்லை. இந்தப் புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. கத்தரி வந்திருந்தால் மருந்து குறைந்திருக்கும் என்போரும் உண்டு. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது, வங்கதேசம் 2013இல் அனுமதித்தது.

வீட்டில் புழுவைச் சமாளிப்பது சுலபம். காலிஃபிளவரைப் பிரித்து மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் புழு வெளியே வந்துவிடும். கத்தரியில் புழுத்த பக்கத்தை வெட்டி எறிந்தால் தீர்ந்தது. கொய்யாவில் மட்டும் பழ ஈயின் புழு சதைக்குள் இருப்பதால் அறுத்துப் பார்த்துத்தான் தின்ன வேண்டும். ஆனால் செடிக்குள் ஊடுருவும் மருந்தை எந்த உப்புத் தண்ணீரும் கழுவாது. கண்ணுக்குத் தெரிகிற புழுவுக்கு அருவருத்து, தெரியாத விஷத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பிள்ளைகள் சாப்பிடுகிற சோற்றில் நடப்பது இது.

தோட்டத்தில் வழி இல்லாமலில்லை. வாடித் தொங்கும் குருத்தைப் புழுவோடு கிள்ளி அழிக்கலாம், இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம், ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம். பக்கத்துத் தோட்டமும் சேர்ந்து செய்தால்தான் பலிக்கும். அப்படிச் செய்தாலும் கூடைக்கு நாலு சொத்தை வரத்தான் செய்யும். அந்த நாலுக்காக மண்டியில் மொத்தக் கூடைக்கும் விலையைக் குறைத்தால், அடுத்த பறிப்புக்கு விவசாயி மருந்துக் கடைக்குத்தான் போவார். கிலோவுக்கு இரண்டு சொத்தை விழுந்தால் வெட்டிப் போட்டுவிட்டுச் சமைக்க நாம் தயாரென்று கடைக்காரரிடம் இன்றே சொல்லலாம்.