வளைகூரைக்கு மரம் வாங்கும் முன்

மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவுக்கு அருகே கார்லா குகை இருக்கிறது. பாறையைக் குடைந்து செய்த அதன் பெரிய பௌத்த வழிபாட்டுக் கூடமான சைத்தியத்தில், வில்லாக வளைந்த மரச்சட்டங்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக விதானத்தோடு நிற்கின்றன. மழையும் வெயிலும் தொடாத இடம் என்பதால் பிழைத்த மரம் அது. வீட்டு வாசலிலோ மொட்டைமாடியிலோ எட்டடி அகலத்தில் எழும்பும் சின்ன வளைகூரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே மரமும் பசையும்தான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பித்தான் வாங்குகிறார்கள்.

முதல் ஆபத்து அறுப்பிலேயே தொடங்குகிறது. அகலப் பலகையில் வளைவை வரைந்து அப்படியே அறுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மரத்தின் நார் நேராக ஓடுவது. வளைத்து அறுக்கும்போது அது குறுக்கே அறுபடுகிறது. பின்னாளில் சட்டம் பிளப்பது அந்த இடத்தில்தான்.

இதற்கு மாற்று வழிகள் பழையவை. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஃபிலிபேர் த லோர்ம், குட்டைப் பலகைகளை இணைப்பு மாற்றி மாற்றி அடுக்கி வளைவு எழுப்பும் முறையை 1561-ல் நூலாக வெளியிட்டார். மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்டும் முறைக்கு ஜெர்மனியின் ஓட்டோ ஹெட்சர் 1906-ல் காப்புரிமை பெற்றார். இதில் நார் வளைவோடு சேர்ந்தே ஓடுகிறது. கடின மரமென்றால் பட்டையின் கனம் வளைவு ஆரத்தின் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது ஒட்டுமரம் செய்பவர்களின் கணக்கு. ஐந்தடி ஆரத்துக்கு 15 மி.மீ.

தேக்கில் வைரம் பாய்ந்த பகுதி கரையானைத் தாங்கும். ஓரத்து வெள்ளை தாங்காது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டு விரும்பி வரும். அதைத் தடுக்க ஏற்றும் போரான் மருந்தை மழை கரைத்துவிடும் என்பதால் வெளிக்கூரைக்கு ரப்பர் மரம் ஆகாது. ‘எம்.ஆர்.’ ப்ளைவுட் ஈரக்காற்றைத் தாங்குமே தவிர மழையைத் தாங்காது. ஐ.எஸ். 710 என்ற கடல்தர ப்ளைவுட்டின் பசை, 72 மணி நேரம் கொதிநீரில் நின்று தேற வேண்டும். மரவேலைக்குப் பரவலாக உள்ள வெள்ளைப் பசை ஓயாத பாரத்தில் மெல்ல நெகிழும். வளைவும் நிமிரப் பார்க்கும். வெளிவேலைக்கு ரிசார்சினால் வகைப் பசை பொருந்தும்.

வளைவின் கால்கள் சுவரை வெளியே உதைக்கும். குறுக்கே இழுவைக் கம்பி போடாவிட்டால் சுவர் விரியலாம்.

இன்னொரு எச்சரிக்கை அடுப்படிக்கு. மருந்தேற்றிப் பச்சை பாய்ந்த மரத்தில் ஆர்சனிக் இருக்கக்கூடும். மிச்சத் துண்டுகளை விறகாக எரித்தால் அந்த விஷம் புகையிலும் சாம்பலிலும் வரும்.

‘வாட்டர் ப்ரூஃப்தான், கவலைப்படாதீங்க’ என்று கடையில் சொல்வது பின்னால் சாட்சிக்கு வராது. மரத்தின் பெயர், தரம், கனம், ஏற்றிய மருந்து ஆகியவற்றைப் பில்லில் எழுதிக் கேட்பது வாங்குபவரின் உரிமை. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அங்கேயே சரிபார்க்கலாம். போலி முத்திரைக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறைக்குக் குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

பொருள் கெட்டால் முதலில் கடைக்கு எழுத்து மூலம் புகார். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. கூலி பேசி முழு வேலையையும் எடுத்தவரின் சேவைக் குறைபாட்டுக்கும் இதே வழிதான். குறை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

பொருளைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்றால், ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்த நாளில் கூரையைப் பிரிக்க நேராமல் இருக்க, ஆசாரி மூட்டை கட்டும்போதே முத்திரை தெரியும் ஒரு துண்டை வாங்கி, பில்லோடு சேர்த்துப் பரணில் போட்டு வைக்கலாம்.