சாக்கில் தக்காளி: அடி கருத்தால் மருந்து வேண்டாம்

பாப்பாரப்பட்டிப் பக்கம் கோடையில் கிணறு வற்றிவிட்டால், தக்காளி விளைவித்த குடும்பமே கடையில் விலை கொடுத்து வாங்க நேரிடுகிறது. நாளுக்கு ஒரு குடம் நீர் இருந்தால் வாசலில் பழைய சாக்குகளில் ஐந்தாறு செடிகளை வளர்க்கலாம்.

சாக்கின் அடியில் துளையிட்டு, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து முக்கால் பாகம் நிரப்ப வேண்டும். (பூச்சிமருந்து டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் இதற்கு ஆகாது.) 25 நாள் நாற்று, சாக்குக்கு ஒன்று போதும். பி.கே.எம்.1 ஏற்ற இரகம்.

காயின் அடி கருத்து அமுங்கினால் பலர் பூசண மருந்து தெளிக்கின்றனர், வீண் செலவு. இது பூசண நோயன்று. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேர்வதில்லை. நீரைக் காலையும் மாலையும் பிரித்து ஊற்றி, மண்மேல் சருகு பரப்பினால் அடுத்த காய்கள் தெளிவாக வரும். யூரியா மிகுந்தாலும் இக்குறை கூடும். கருத்த காய்கள் தேறா, பறித்துவிடலாம். மிளகாய்க்கும் இதே பக்குவம்தான்.