சமயமும் வன்முறையும்

அன்பும் அருளும் எல்லாச் சமயங்களும் போற்றும் அறங்கள். அங்ஙனமாகவும், சமயத்தின் பெயராற் சிந்தப்பட்ட குருதியோ பெரிது. இம் முரண்பாட்டின் காரணம் சமயத்தில் உளதா, மனித இயல்பில் உளதா என்பது ஆராயற்பாலது. ஐரோப்பிய வரலாற்று நிகழ்ச்சியொன்று இதற்கு விளக்கந் தரும்.

மைக்கேல் சேர்விற்றசு ஸ்பானியா நாட்டு மருத்துவர். குருதி நுரையீரலூடாகச் செல்லும் முறையை ஐரோப்பாவில் முதன்முதல் அச்சில் விளக்கியவர். அவர் கிறித்தவரின் திரித்துவக் கோட்பாட்டை மறுத்தார். பிரான்சிலே கத்தோலிக்கர் அவரைச் சிறையிலிட்டனர்; அவர் தப்பியோடவே, அவருருவத்தை எரித்தனர். பின்னர்ப் புரட்டஸ்தாந்த நகராகிய ஜெனீவாவில் அவர் பிடிபட்டு, 1553ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆந் திகதி உயிருடன் எரிக்கப்பட்டார்.

அவரைக் குற்றஞ்சாட்டுவித்தவர் அந்நகரின் சமயத் தலைவர் யோன் கல்வின். கல்வியும் ஒழுக்கமும் மிக்க அவர், சமயக் கொடுமைக்கு அஞ்சித் தாமே பிரான்சைவிட்டு அகன்றவர்; எரித்தலை விடுத்துச் சிரச்சேதஞ் செய்யுமாறு வேண்டியவரும் அவரே. அத்தகையார் கொலைக்கு உடன்பட்டமை எங்ஙனம்?

தன் கூட்டத்தை விரும்புதலும் அயலாரை அஞ்சுதலும் மனித இயல்பு. இனம், நாடு, கட்சி என்பன பற்றியும் இவ்வியல்பு போருக்கெழும். 20ஆம் நூற்றாண்டின் இரு உலகப் போர்களும் சமயப் போர்களல்ல. ஆயினும், ஏனைய பகைகளில் மனச்சான்று ஓரளவேனும் இடைநின்று தடுக்கும். சமயத்தின் பெயராற் செய்யுங் கொடுமையையோ மனச்சான்றே கடமையென விதிக்கின்றது. பிழைபட்ட கொள்கை ஆன்மாக்களை நரகிற் சேர்க்குமென நம்புவோனுக்கு, அதனைப் பரப்புவோனைக் கொல்லுதல் கருணையாகவே தோன்றும். வெள்ளத்தைத் தடுக்கவேண்டிய அணையே வெள்ளத்திற்குத் துணையாகின்றது.

மருந்தும் அச் சமயத்தினின்றே பிறந்தது. பாசல் நகரில் வாழ்ந்த கஸ்தெல்லியோ என்னுங் கிறித்தவ அறிஞர், கருத்து வேறுபாட்டுக்காக மனிதரைக் கொல்லுதல் கிறித்துவின் நெறிக்கே மாறென 1554இல் வாதிட்டார். 1903இல் கல்வினின் வழிவந்தோரே, சேர்விற்றசு எரிக்கப்பட்ட இடத்தருகே கழுவாயாகக் கல்லொன்று நாட்டினர்.

சைவர்க்கும் இது புறம்பான செய்தியன்று. மதுரையிற் சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதாகப் பெரியபுராணம் கூறும். அது நிகழ்ந்ததோ என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்திலர். ஆயினும், அச் செய்தியைக் கேட்டு இறந்தார்க்கு இரங்காது, தம்மவர் வென்றாரென மகிழும் உள்ளம் எதுவோ, ஜெனீவாவின் தீ மூண்டதும் அத்தகைய உள்ளத்திலேயாம். தன் சமயம் மெய்யென உறுதிகொள்ளுதல் தவறன்று. அவ்வுறுதி பிறனுயிர்மேல் உரிமை தருமெனக் கொள்ளுதலே தவறு.