பினியனில் ஒரு பல் கூடினால்

ரேடியோ ரிமோட்டில் ஓடும் காரை வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை ஒன்றுதான்: இன்னும் வேகம். "ஏனுங்ணா, இதுக்கு எந்த மோட்டாருங்க போடலாம்?" என்று என் பட்டறைக்கு வந்து கேட்பார்கள். "எங்கே ஓட்டப் போறே, கண்ணு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மொட்டை மாடியா, பள்ளிக்கூட மைதானமா, தார் போட்டும் இன்னும் வீடுகள் எழும்பாத மனைப்பிரிவுச் சாலையா? அது தெரியாமல் யாருக்கும் நான் மோட்டார் சொல்வதில்லை.

எனக்குத் தொழில் கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது. பகலில் ஒரு எச்.பி., ஒன்றரை எச்.பி. மோட்டார்கள் இருக்கும் அதே மேசையில், சாயங்காலம் உள்ளங்கைக்குள் அடங்கும் கார் மோட்டார்கள் வந்து உட்காரும். கருகிய வார்னிஷ் வாசம் இரண்டுக்கும் ஒன்றுதான். கருகும் காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: இழுக்க முடியாத சுமையை நெடுநேரம் இழுத்திருக்கும்.

இந்தச் சின்ன மோட்டார்களில் எல்லோருக்கும் பழக்கமானது 540. ஏறத்தாழ 36 மி.மீ. விட்டமுள்ள உருளை. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1976இல் தன் முதல் எலெக்ட்ரிக் ரேடியோ காரான போர்ஷே 934ஐக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது மபுச்சி நிறுவனத்தின் 540தான். 1984இல் அதே நிறுவனம் இரண்டு பகி வகைக் கார்களை விற்பனைக்கு விட்டது. கிராஸ்ஹாப்பரில் சிறிய 380 மோட்டார், ஹார்னெட்டில் 540. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு எவ்வளவு பலம் போதும் என்று யோசித்து மோட்டாரைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். அந்த முடிவின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சரி, கியருக்கு வருவோம். மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய சக்கரம் ஸ்பர் கியர். ஸ்பரின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல்லால் வகுத்து, காருக்குள் இருக்கும் மற்ற கியர்களின் விகிதத்தால் பெருக்கினால், டயர் ஒருமுறை சுற்ற மோட்டார் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது கிடைக்கும். இதை ஓட்டுகிறவர்கள் எஃப்.டி.ஆர். என்பார்கள். 2013இல் வந்து இன்றும் புதியவர்கள் நிறையப் பேர் வாங்கும் டமியா டிடி-02ஐ எடுத்துக்கொள்வோம். பெட்டியில் வரும் ஸ்பர் 70 பல், பினியன் 22 பல், உள்விகிதம் 2.6. கணக்குப் போட்டால் 8.27. டயர் விட்டம் சுமார் 64 மி.மீ., சுற்றளவு 201 மி.மீ. ஆக மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் கார் 24.3 மி.மீ. நகரும். இதற்கு ரோல் அவுட் என்று பெயர். டயர் மாற்றினால் எஃப்.டி.ஆர். அப்படியே இருக்க, ரோல் அவுட் மாறிவிடும். அதனால் நான் நம்புவது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

இதே காரில் 3300 கேவி பிரஷ்லெஸ் மோட்டாரைப் போடுகிறோம் என்று வையுங்கள். கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று பொருள். 7.4 வோல்ட் லைப்போ பேட்டரியில், சுமையில்லாமல், நிமிடத்துக்கு 24,420 சுற்று. 24.3 மி.மீ.யால் பெருக்கினால் மணிக்கு 35 கி.மீ. சொச்சம். தரையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், ஏனென்றால் சுமை ஏறியதும் சுழற்சி இறங்கும்.

போன கோடையில் ஒரு கல்லூரிப் பையன் இப்படியொரு காரைக் கொண்டுவந்தான். மோட்டாரோடு கியரையும் மாற்றியிருந்தான்: ஸ்பர் 68, பினியன் 25. எஃப்.டி.ஆர். 7.07. காகிதத்தில் மணிக்கு 41 கி.மீ. அவன் ஓட்டுவது வீட்டு மாடியில், நீளம் 12 மீட்டர். 41 கி.மீ. என்றால் நொடிக்கு 11 மீட்டருக்கு மேல்! அந்த வேகத்தை எட்டுவதற்குள் கைப்பிடிச் சுவர் வந்துவிடும். கார் எப்போதும் கிளம்பிக்கொண்டே இருந்ததே தவிர ஒருநாளும் உச்ச வேகத்தில் ஓடவில்லை. மோட்டாரோ தொட முடியாத சூடு. பழைய 70 பல் ஸ்பரையே போட்டு, 17 பல் பினியனை மாட்டிக் கொடுத்தேன். உச்ச வேகம் காகிதத்தில் 27 கி.மீ. ஆக இறங்கியது. ஆனால் மூலைக்கு மூலை கார் முன்னைவிடச் சுறுசுறுப்பாகப் பாய்ந்தது, சூடும் அடங்கியது.

ஏன் அப்படி? மோட்டாரின் இழுவிசை அதில் பாயும் கரண்ட்டைப் பொறுத்தது. கம்பியில் எழும் சூடோ கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கரண்ட் உச்சத்தில் இருக்கும். சுழற்சி ஏற ஏற மோட்டாருக்குள்ளேயே எதிர் வோல்ட்டேஜ் பிறந்து கரண்ட்டைக் குறைக்கும். பெரிய பினியன் போட்டால் சுழற்சி ஏறத் தாமதமாகும், அத்தனை நேரமும் கரண்ட் கொட்டும். மேட்டுப்பாளையம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஊட்டி பஸ்ஸை டாப் கியரில் ஏற்றச் சொல்வது போலத்தான் அது.

இனி மோட்டார். பிரஷ் வைத்த மோட்டாரில் 27 சுற்று, 35 சுற்று, 55 சுற்று என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துருவத்திலும் அத்தனை சுற்றுக் கம்பி. சுற்று குறைந்தால் வேகம் கூடும், கரண்ட்டும் கூடும். சுற்று அதிகமானால் சுழற்சி மெதுவாகும், அதே இழுவிசைக்குக் குறைந்த கரண்ட் போதும். பாறை ஏறும் கிராலர் வண்டிகளுக்கு 35, 55 போடுவது அதனால்தான். பிரஷ்லெஸ்ஸில் 13.5, 17.5, 21.5 என்று அரையோடு வருவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். கம்பி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுவதால் வந்த அரை அது. பிரஷ் மோட்டாரின் சுற்றையும் பிரஷ்லெஸ் மோட்டாரின் சுற்றையும் நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது. 17.5 சுற்று பிரஷ்லெஸ் ஏறத்தாழ 2200 கேவி, 13.5 சுற்று 3000 கேவி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இது: வேகமான மோட்டாருக்குச் சிறிய பினியன், சாதுவான மோட்டாருக்குப் பெரிய பினியன். பெரிய மோட்டார் வாங்கிய உற்சாகத்தில் பினியனையும் பெரிதாக்குவதுதான் என் மேசைக்கு அதிகம் கருகிய காயில்களைக் கொண்டுவருகிறது. பந்தயங்களில் 'பிளிங்கி' என்றொரு பிரிவு இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே சுற்று மோட்டார், காரின் கண்ட்ரோலரில் வேகத்தைக் கூட்டும் 'டைமிங்' கிடையாது. அங்கே ஒரு பல் கூட்டுவதா குறைப்பதா என்பதில்தான் பாதி சாமர்த்தியம். எனக்கு மிகவும் பிடித்த பந்தயம் அதுதான்.

வீட்டில் ஓட்டுகிறவர்கள் செய்ய வேண்டியது எளிது. கையேட்டில் சொன்ன பினியனிலேயே, அல்லது அதைவிட ஒன்றிரண்டு பல் குறைவாகத் தொடங்குங்கள். மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மோட்டாரின் உடம்பில் காட்டுங்கள். 80 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது என் எல்லைக்கோடு. பிரஷ்லெஸ் மோட்டாருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தம் அதிகச் சூட்டில் வலுவிழந்தால், ஆறிய பிறகும் அந்த வலு திரும்பாது. சூடு என் எல்லைக்கோட்டைவிட நன்றாகக் குறைவாக இருந்தால் ஒரு பல் கூட்டி மறுபடி பாருங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மோட்டார் கிளம்பும்போதே 38 டிகிரியில் இருக்கும். மார்கழியில் சரியாக இருந்த பினியன் அப்போது சரிவராது. புல்தரையும் மணலும் டயரைப் பிடித்து இழுக்கும், அங்கேயும் ஒன்றிரண்டு பல் குறைக்க வேண்டும். மிகவும் குறைத்துவிட்டால் மோட்டார் வெறுமனே கீச்சிட்டுச் சுழன்று அதனாலும் சூடாகும். ஆனால் அது அபூர்வம்.

பினியன் வாங்கும்போது பல் எண்ணிக்கையோடு பல்லின் அளவையும் கேளுங்கள். டிடி-02க்கு 0.6 மாட்யூல். 48 பிட்ச் என்று விற்பதன் பல் 0.53 மாட்யூல்தான். பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் ஸ்பரை அரைத்துத் தின்றுவிடும். மோட்டாரை நகர்த்திப் பொருத்தும் கார்களில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நோட்டுக் காகிதத் துண்டைக் கொடுத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டே மோட்டார் ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு ஸ்பரை உருட்டிக் காகிதத்தை எடுத்துவிடுங்கள். பல்லுக்குப் பல் மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். பினியனின் குட்டி ஸ்க்ரூ, தண்டில் தட்டையாகச் சீவிய பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.