மந்தம் முடிந்தது, வேலை எங்கே?

மந்தநிலை முடிஞ்சா மறுநாளே கம்பெனி கேட் திறந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவைப் பாருங்கள். 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலை அங்கே 2009 ஜூனில் முடிந்தது. ஆனால் வேலையில்லாதோர் விகிதம் 10 சதவீதத்தைத் தொட்டது அதற்குப் பிறகு, அக்டோபரில்!

ஆர்டர் வந்தாலும் அது நிலைக்குமா என்று முதலாளிக்குச் சந்தேகம். புது ஆள் என்றால் பயிற்சி, பி.எஃப். என்று செலவு வேறு. அதனால் முதலில் இருக்கிற ஆளுக்கே ஓவர்டைம். போதாவிட்டால் தற்காலிக ஆள். நிரந்தர வேலை கடைசியில்தான்.

2020 கொரோனாவில் வேலை போன எங்க மாமாவை மறுபடி கான்ட்ராக்டில்தான் கூப்பிட்டார்கள். ரோஷத்தில் போகவில்லை. பிறகு கூப்பிடவே இல்லை. இந்த வரிசையை அவருக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. நான் அப்ரண்டிஸாகவே போவேன். ஆனால் எத்தனை மாதம், ஸ்டைபண்ட் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான்.